கோப்பின் வரிகளில் கம்போங் மேடான்

கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் பழைய கிள்ளான் சாலையை ஒட்டி, சிலாங்கூர் மாநிலத்தின் பெட்டாலிங் மாவட்டத்தில் அமைந்துள்ள கம்போங் மேடான், கோட்டையாலோ துறைமுகத்தாலோ பெயர்பெற்று வரலாற்று நூல்களில் தனி அத்தியாயம் பெற்ற ஊர் அன்று. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போன காலத்தில் வேலை தேடி நகரோரத்திற்கு வந்து பலகை வீடு கட்டிக் குடியேறிய தமிழர்களும், நாட்டுப்புறங்களிலிருந்து வந்த மலாய்க்காரர்களும், கடல் கடந்து வந்த இந்தோனேசியர்களும் நெருங்கி வாழ்ந்த குடியிருப்புகளின் தொகுதியாக அது வளர்ந்தது. அத்தகைய ஊரின் கடந்த காலம் நாளிதழ்ச் செய்திகளிலும், கோயில் திருவிழா மலர்களிலும், பள்ளி ஆண்டிதழ்களிலும், சங்கங்களின் அறிக்கைகளிலும், வாசகர் கடிதங்களிலும் ஒரு வரியில் தோன்றி மறையும் பெயராகவே சிதறிக் கிடக்கிறது. 2001 மார்ச் மாதத்தில் அங்கு நிகழ்ந்த இனமோதலில் ஆறு பேர் உயிரிழந்தபோது மட்டுமே அப்பெயர் நாடெங்கும் தலைப்புச் செய்தியானது. அதற்கு முன்னும் பின்னும் அங்கு வாழ்ந்தோரின் வாழ்க்கையை எழுத விரும்பும் ஆய்வாளர் ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து அந்த ஒற்றை வரிகளைப் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது.

அவ்வாறு பொறுக்கி எடுக்கும் பணியைக் கணினியிடம் ஒப்படைக்கும் முறைகளுள் மிக எளியது, கோப்பை வரிவரியாகப் பிரித்து எண்ணிட்ட வரிசையாக நினைவகத்தில் வைத்துக்கொண்டு, தேடும் சொல் எந்தெந்த வரிகளில் உள்ளது என்று பார்ப்பதாகும். இணையத்தளங்களை இயக்கும் பிஎச்பி என்னும் நிரல்மொழியில் இதற்கு இரண்டு கட்டளைகள் போதும். ஆயினும் அந்த இரண்டு கட்டளைகள் தமிழ்ப் பனுவலில் பிழையின்றி வேலை செய்வதற்குப் பின்னால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட உழைப்பு இருக்கிறது. எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதைத் தேடும் கருவி தீர்மானிப்பதைவிட, அப்பனுவலை முதன்முதலில் எழுதிவைத்தவர் கையாண்ட எழுத்துமுறையே பெரிதும் தீர்மானிக்கிறது என்பதை அந்த உழைப்பின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

பனுவலுக்குள் வரியைத் தேடும் தேவை கணினியோடு பிறந்ததில்லை. ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடைவெளி விடப்படவில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இடப்படவில்லை. செய்யுளின் அடிகள்கூட உரைநடைபோல் தொடர்ந்தே எழுதப்பட்டன. ஆகவே சுவடியில் ஓரிடத்தைக் கண்டுபிடிப்பது நூலை மனப்பாடமாக அறிந்தவருக்கே இயன்றது. அச்சு வந்தபின், 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், தம் பதிப்புகளில் செய்யுள் முதற்குறிப்பு அகராதியையும் அரும்பத அகராதியையும் சேர்க்கும் வழக்கத்தை நிலைநிறுத்தினார். முதற்குறிப்பு அகராதி என்பது ஒவ்வொரு செய்யுளின் தொடக்கச் சொற்களையும் அகர வரிசையில் அடுக்கி, எதிரே செய்யுள் எண்ணைத் தருவது. பாட்டின் தொடக்கம் நினைவில் இருப்பவருக்கு அது உடனே வழிகாட்டும், நடுவிலுள்ள சொல்லொன்று மட்டும் நினைவில் இருப்பவருக்கு உதவாது. அக்குறையை நீக்கப் பிறந்ததே சொல்லடைவு, அதாவது ஒரு நூலின் எல்லாச் சொற்களையும், அவை வரும் எல்லா இடங்களோடும் தொகுத்துத் தரும் நூல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924-க்கும் 1936-க்கும் இடையே ஆறு தொகுதிகளாக வந்து முடிந்தபோது சொற்களைச் சீட்டுகளில் எழுதிச் சேர்க்கும் பயிற்சி வேரூன்றியிருந்தது. வ. அய். சுப்பிரமணியம் 1962-இல் புறநானூற்றுச் சொல்லடைவை வெளியிட்டார். தாமஸ் லேமன், தாமஸ் மால்டன் இருவரும் கணினியின் துணையோடு சங்க இலக்கியம் முழுமைக்கும் உருவாக்கிய சொல்லடைவு 1992-இல் வந்தது. இடைப்பட்ட காலத்தில், படிக்கவே இயலாத சிந்துவெளி எழுத்துகளுக்கு ஐராவதம் மகாதேவன் கணினியைக் கொண்டு தொடரடைவு அமைத்து 1977-இல் வெளியிட்டது, தேடலுக்குப் பொருள் தெரிந்திருக்க வேண்டியதில்லை, குறிகள் ஒரே சீராகப் பதியப்பட்டிருந்தால் போதும் என்பதை நிறுவிய அரிய முன்னுதாரணமாகும்.

கிள்ளான் பள்ளத்தாக்கும் இந்த வரலாற்றுக்கு வெளியே நின்றதில்லை. 1961-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்கு வந்த சேவியர் தனிநாயகம் அடிகள், 1966 ஏப்ரலில் முதலாவது உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டியதை எல்லோரும் நினைவுகூர்கின்றனர். அதே ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழி அவர் வெளியிட்ட தமிழாய்வு நூல்களின் வழிகாட்டிப் பட்டியலை நினைவுகூர்வோர் குறைவு. எந்தப் பொருளுக்கு எந்த நூலைப் பார்ப்பது என்று உலகெங்குமுள்ள ஆய்வாளருக்குக் காட்டிய அப்பட்டியல், தேடலுக்கென்று மலேசிய மண்ணில் உருவான முதன்மையான தமிழியல் கருவிகளுள் ஒன்றாக வைத்து எண்ணத்தக்கது. மாநாட்டுக்குக் கிடைத்த புகழில் ஒரு பகுதியேனும் அதற்குக் கிடைத்திருக்க வேண்டும்.

மலேசியாவுக்கு முதல் கணினி வந்ததும் அதே 1966-இல்தான். தேசிய மின்சார வாரியம் நிறுவிய அந்த ஐபிஎம் 1401 இயந்திரம், தகவலைத் துளையிட்ட அட்டைகளின் வழியே உட்கொண்டது. ஐபிஎம் நிறுவனம் 1928-இல் அறிமுகப்படுத்திய எண்பது பத்தி அட்டையில் ஓர் அட்டைக்கு ஒரு பதிவு என்பதே ஒழுங்கு. பின்னாளில் திரையில் தோன்றிய ‘வரி’ என்னும் அலகு அந்த அட்டையின் வாரிசே. அட்டைகள் மறைந்து வட்டுகளில் கோப்புகள் சேமிக்கப்பட்டபோது, ஒரு வரி முடிந்து மற்றொன்று தொடங்குவதைக் காட்டக் கண்ணுக்குத் தெரியாத முடிவுக்குறி இடப்பட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதி, 1973-இல் யூனிக்ஸ் இயங்குதளத்தோடு வெளிவந்த ‘கிரெப்’ என்னும் நிரல் அந்த முடிவுக்குறியையே நம்பிக் கட்டப்பட்டது. கோப்பு முழுவதிலும் குறிப்பிட்ட வடிவம் பொருந்தும் வரிகளை மட்டும் அச்சிடு என்னும் பழைய தொகுப்பிக் கட்டளையிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. வரிவரியாகத் தேடும் பிற்காலக் கருவிகள் பலவும் அதன் வழித்தோன்றல்களே.

பிஎச்பி மொழியில் வரிகளைத் தேடும் கட்டளையும் அவ்வழியில் வந்ததே. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டோர்ஃப் தம் சொந்த இணையப் பக்கத்திற்கு வருவோரைக் கணக்கிட 1994-இல் எழுதிய சிறு நிரல்கள் 1995 ஜூனில் பொதுவில் வெளியாயின; 2000 மே மாதத்தில் அம்மொழியின் நான்காம் பதிப்பு வந்தபோது, வாடகைக்குக் கிடைக்கும் மலிவான வழங்கிகளில் எல்லாம் அது இயங்கத் தொடங்கியிருந்தது. பெரிய நிறுவனத்தின் துணையின்றித் தமிழ்ப் பக்கங்களை நடத்த விரும்பியோருக்கு அது கைக்கெட்டிய கருவியாயிற்று. அக்காலத்தில் பிஎச்பியோடு இணைத்துப் பயன்படுத்தப்பட்ட மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண்முறையாகிய ஒருங்குறியைக் கையாளும் திறனை 2004-இல் வந்த 4.1 பதிப்பில்தான் பெற்றது என்பதால், பனுவலை வெறும் கோப்பாக வைத்து அதன் வரிகளில் தேடுவது அன்றைய சூழலில் அறிவார்ந்த தேர்வாகவே இருந்தது.

அம்மொழியில் ‘அணி’ என்பது ஒரே பெயரின் கீழ்ப் பல மதிப்புகளை எண்ணிட்ட அறைகளில் வைத்திருக்கும் அமைப்பு. ‘ஃபைல்’ என்னும் செயற்கூறு ஒரு கோப்பை முழுமையாகப் படித்து, அதன் ஒவ்வொரு வரியையும் அணியின் ஓர் அறையில் இடுகிறது; முதல் வரி பூச்சிய எண் அறைக்கும், இரண்டாம் வரி ஒன்றாம் எண் அறைக்கும் செல்லும். அடுத்து, ‘பிரெக் கிரெப்’ என்னும் செயற்கூறு அந்த அணியைச் சல்லடையிட்டு, கேட்ட வடிவம் பொருந்தும் வரிகளை மட்டும் தனி அணியாகத் தருகிறது. அவ்வாறு தரும்போது ஒவ்வொரு வரியின் பழைய அறையெண்ணையும் அது மாற்றாமல் வைத்திருப்பதால், எண்ணோடு ஒன்றைக் கூட்டியதும் மூலக் கோப்பில் அவ்வரியின் இடம் கிடைத்துவிடுகிறது. ஒரு குறளுக்கு இரண்டு வரி என்ற ஒழுங்கில் 1,330 குறள்களையும் 2,660 வரிகளாகத் தட்டெழுதி வைத்திருந்தால், அறையெண்ணை இரண்டால் வகுத்துப் பின்னத்தை விட்டு ஒன்றைக் கூட்டக் குறளெண்ணே கிடைத்துவிடும். சொல்லடைவு தயாரித்தவர்கள் சீட்டுச்சீட்டாக எழுதிய இடக்குறிப்பு இங்கே வரிசையெண்ணிலிருந்து தானாக விளைகிறது.

இம்முறைக்குள் தொடக்கத்திலிருந்தே ஒரு பள்ளம் இருந்தது. வரிக்குள் சொல் இருக்கிறதா என்று பார்க்கப் பலர் பயன்படுத்திய ‘ஸ்டிர்பாஸ்’ என்னும் செயற்கூறு, சொல் தொடங்கும் இடத்தை எண்ணாகத் தருவது. சொல் இல்லையெனில் ‘பொய்’ என்னும் மதிப்பைத் தருவது. சொல் வரியின் முதலிலேயே தொடங்கினால் அவ்வெண் பூச்சியம். பூச்சியத்தையும் பொய்யையும் பிஎச்பி மேலோட்டமான ஒப்பீட்டில் ஒன்றாகக் கருதும். எனவே மூன்று சமக்குறி இட்டுக் கண்டிப்பாக ஒப்பிடாத நிரல், தேடிய சொல்லால் தொடங்கும் வரிகளை எல்லாம் இல்லாதவையாகக் கழித்துவிடும். மலேசியத் தமிழ் நாளிதழ்ச் செய்தி பெரும்பாலும் ஊர்ப்பெயரோடும் தேதியோடும்தான் தொடங்குகிறது. ஆகவே ‘கம்போங் மேடான், மார்ச்’ என்று தொடங்கும் வரி, அதாவது அவ்வூரிலிருந்தே எழுதப்பட்ட செய்தி, இந்தப் பிழையால் முதலில் பலியாகும். வேறு ஊர்ச் செய்தியின் நடுவே அப்பெயர் வரும் வரிகளோ அகப்படும். ஆய்வுக்கு இதைவிடக் கேடான கழிவு வேறில்லை. வரிக்குள் சொல் உண்டா என்பதற்கு ஆம், இல்லை என்று மட்டுமே விடை சொல்லும் தனிச் செயற்கூறு 2020 நவம்பரில் வெளியான எட்டாம் பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. தமிழ்க் கோப்புகளை ஒருங்குறியில் சேமிக்கும் சில தொகுப்பிகள் கோப்பின் தலையில் மூன்று பைட்டு நீளமுள்ள மறைகுறி ஒன்றை இடுவதால், வரியின் தொடக்கத்தில் மட்டும் தேடுமாறு பணித்தால் கோப்பின் முதல் வரி தவறிப்போவதும் உண்டு.

இவையெல்லாம் எந்த மொழிக்கும் உரிய இடர்கள். தமிழுக்கே உரிய இடர், எழுத்தைக் கணினி எவ்வாறு எண்ணாக்கி வைக்கிறது என்னும் குறியாக்கத்தில் இருந்தது. 1980-களின் நடுவிலிருந்து தமிழில் கணினியில் எழுத முடிந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கியது அக்காலத்தில்தான். அவர் தந்தையாரான முரசு நெடுமாறன், 1887 முதல் 1987 வரையிலான நூற்றாண்டின் பாடல்களைத் தேடித் திரட்டி மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தை 1997-இல் வெளியிட்டவர். பழைய இதழ்களில் புதைந்த வரிகளைக் கையால் தேடுவதன் அருமையை அக்குடும்பம் நன்கறிந்திருந்தது. ஆயினும் அந்நாளில் ஒவ்வொரு எழுத்துருவும், ஒவ்வொரு அச்சகமும், ஒவ்வொரு நாளிதழும் தனித்தனி எண்முறையைக் கையாண்டன. ஒரு கோப்பில் ககரத்துக்கு இருந்த எண் மற்றொன்றில் வேறெழுத்தைக் குறித்தது. திரையில் பார்க்கத் தமிழாக இருந்தவை தேடலுக்குத் தமிழாக இருக்கவில்லை.

இந்தச் சிதறலைத் தீர்க்க நடந்த முயற்சிகளில் தென்கிழக்காசியத் தமிழர் முன்னின்றது பெருமைக்குரியது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-இலேயே தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். 1997-இல் அங்கே தமிழ் இணைய ஆய்வரங்கு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு விசைப்பலகையையும் ‘டாம்’, ‘டாப்’ என்னும் குறியாக்கங்களையும் தரப்படுத்தியது. 2000-இல் சிங்கப்பூரில் உத்தமம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியபோது, கம்போங் மேடானின் துயரச் செய்திகள் அச்சாகி ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. அச்செய்திகள் தட்டெழுதப்பட்ட காலம் ஒருங்குறி இதழ்களுக்குள் நுழையாத காலம் என்பது, அவ்வூரின் வரலாற்றைப் பொறுத்தவரை எளிதில் கடந்துபோகக்கூடிய செய்தி அன்று.

இணையத்தில் கருத்தாடிய ஆர்வலர்கள் கூடி வகுத்த ‘திஸ்கி’ என்னும் குறியாக்கம் அக்காலத்தின் சிறந்த சாதனைகளுள் ஒன்று. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை நெடுநாள் அதில்தான் வெளியிட்டது. திஸ்கி எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவது. ‘மே’ என்பதில் இரட்டைக்கொம்பு முதலில் நிற்பதால், அதன் எண் முன்னும் மகரத்தின் எண் பின்னும் பதியப்பட்டன. புள்ளியிட்ட மெய்களும், உகர ஊகார உயிர்மெய்களும் தனித்தனி எண் பெற்றன. இதன் விளைவை ‘மேடான்’ என்னும் பெயரிலேயே காணலாம். ‘மேடான்’ என்று தேடினால் அப்பெயர் வேற்றுமை உருபின்றி நிற்கும் வரிகள் மட்டுமே கிடைக்கும். ‘மேடானில்’, ‘மேடானின்’ என்பவை னகரமும் இகரக் குறியும் சேர்ந்தவையாதலால், புள்ளியை நீக்கி ‘மேடான’ என்று தேடினால்தான் அவை அகப்படும். அப்போது ‘மேடான்’ அகப்படாது, ஏனெனில் அங்கே னகரத்துக்கும் னகர ஒற்றுக்கும் வேறு வேறு எண். ‘மேடானுக்கு’ என்பதில் னுகரமும் தனி எண்ணாதலால் அதற்கு மூன்றாவது தேடல் வேண்டும். ஒரே ஊரின் பெயருக்கு ஒரே கோப்பில் மூன்று தேடல்கள் என்றால், இருபது ஊர்ப்பெயர்களைத் தேடும் ஆய்வாளரின் பாடு எளிதில் விளங்கும்.

ஒருங்குறி இந்நிலையை மாற்றியது. 1991-இல் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தொகுதி ஒதுக்கப்பட்டது. இந்திய அரசின் இஸ்கி தரத்தைப் பின்பற்றி, மெய்யின் எண்ணுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ ஒலிக்கும் வரிசையில் பதியப்பட்டது. அகரமேறிய எழுத்தே அடிப்படையாகவும் புள்ளி அதன் மேல் ஏறும் குறியாகவும் கொள்ளப்பட்ட இவ்வமைப்பு, தமிழ் எழுத்திலக்கணத்தின் மரபுக்கு ஒவ்வாதது என்ற மறுப்பு நெடுங்காலம் எழுந்தது. 247 எழுத்துகளையும் தனித்தனியே பதியும் டேஸ் 16 என்னும் மாற்றுக் குறியாக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியோடு சேர்த்தே தரமாக அறிவித்தது. மறுப்பில் நியாயம் இருந்தது. எனினும் தேடலைப் பொறுத்தவரை ஒருங்குறியின் அமைப்பு எதிர்பாராத நன்மையொன்றைத் தந்தது: ‘மேடான’ என்று புள்ளியின்றித் தேடினால் ‘மேடான்’, ‘மேடானில்’, ‘மேடானின்’, ‘மேடானுக்கு’ ஆகிய நான்கும் ஒரே தேடலில் அகப்படுகின்றன, ஏனெனில் நான்கிலும் னகரம் வரை எண்கள் ஒன்றே. நன்மையோடு தொல்லையும் வந்தது. ‘மேடான பகுதி’, ‘மேடான இடம்’ என்று உயரத்தைக் குறிக்கும் சாதாரணத் தமிழ்ச் சொல்லும் அதே வலையில் விழும். சுமத்திராவின் மேடான் மாநகரைப் பற்றிய செய்திகளும், கோலாலம்பூரின் மேடான் துவாங்கு பற்றியவையும் உடன் வந்து சேரும். முன்சொல்லான ‘கம்போங்’கையும் சேர்த்துத் தேடுவதே இதற்கு மருந்து.

ஒருங்குறியின் எண்களைக் கோப்பில் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 என்னும் முறையை 1992 செப்டம்பரில் வகுத்தவர்கள் ராப் பைக்கும், முன்னரே கிரெப்பை எழுதிய அதே கென் தாம்சனும் ஆவர். இம்முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். ‘கம்போங் மேடான்’ என்பது தமிழ் வாசகரின் கணக்கில் ஏழெழுத்து. இடைவெளியையும் சேர்த்து ஒருங்குறியின் கணக்கில் 14 குறிகள். கோப்பில் 40 பைட்டுகள். திஸ்கியில் அதே பெயர் 12 பைட்டுகளில் அடங்கியிருந்தது. இடம் கூடினாலும் ஒரு குறியின் நடுவிலிருந்து மற்றொரு குறி தொடங்குவதாகத் தவறாகக் கொள்ள வழியின்றி அம்முறை வகுக்கப்பட்டிருப்பதால், எழுத்தென்றால் ஒரு பைட்டு என்றே எண்ணிப் பழகிய பிஎச்பியின் பழைய செயற்கூறுகள்கூடத் தமிழ்ச் சொல்லைப் பிழையின்றிக் கண்டுபிடிக்கின்றன. அவை தரும் இடத்தின் எண் மட்டும் எழுத்தெண்ணாக இராமல் பைட்டெண்ணாக இருக்கும். மொழியின் உள்ளமைப்பையே ஒருங்குறிக்கு மாற்றத் திட்டமிட்ட ஆறாம் பதிப்பு 2010-இல் கைவிடப்பட்டபின், எழுத்தறிந்து எண்ணும் வேலையைத் துணைத் தொகுதிகளே ஏற்றுக்கொண்டன. சொல்லெல்லை காணும் குறியும் தமிழில் நெடுங்காலம் தடுமாறியது. எழுத்துகளையும் இலக்கங்களையும் மட்டுமே சொல்லின் உறுப்புகளாகக் கருதி, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அயலாகக் கொண்ட அது, ‘மேடான்’ என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே பல எல்லைகளைக் கண்டது.

இவற்றைவிட நுட்பமான தொல்லை ‘போ’ என்னும் எழுத்தில் ஒளிந்திருக்கிறது. ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பின் எண்ணையும் காலின் எண்ணையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். திரையிலும் தாளிலும் இரண்டும் ஒன்றே. கோப்பில் ‘கம்போங் மேடான்’ என்னும் பெயர் முன்னதில் 40 பைட்டு, பின்னதில் 43. ஒரு வடிவத்தைக் கேட்டால் மற்றொன்று கிடைக்காது. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சீராக்கம் ஒருங்குறித் தரத்தில் முறையாக வரையறுக்கப்பட்டுள்ளது. 2009-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து பிஎச்பியோடு சேர்ந்தே வரும் பன்னாட்டுமயத் தொகுதி அதைச் செய்து தருகிறது. அணியின் ஒவ்வொரு வரியையும் முதலில் சீராக்கி, தேடும் சொல்லையும் அவ்வாறே சீராக்கிய பின்னரே ஒப்பிடுவது தமிழ்க் கோப்புகளுக்குக் கட்டாயமான நெறி. ஆனால் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டு எழுதும் பழக்கத்தை இச்சீராக்கம் திருத்தாது, ஏனெனில் ளகரம் தன்னளவில் முழு எழுத்து. சௌந்தரம், கௌரி போன்ற பெயர்கள் இவ்விரு வடிவிலும் கோப்புகளில் கலந்து கிடப்பதால், பெயர்ப் பட்டியலில் ஒரே மனிதர் இருவராக எண்ணப்படுவது இயல்பாக நேர்கிறது.

குறியாக்கம் முற்றிலும் சீரானாலும் எழுத்துக்கூட்டு சீராகிவிடுவதில்லை. மலாய் மொழியின் உரோமன் எழுத்துக்கூட்டு 1972-இல் இந்தோனேசியாவோடு ஒத்துச் சீர்திருத்தப்பட்டபோது ஊரைக் குறிக்கும் சொல்லில் ஓகாரம் இருந்த இடத்தில் உகரம் வந்தது. தமிழில் பழைய ஒலிக்கேற்பக் ‘கம்போங்’ என்று எழுதுவோரும், புதிய எழுத்துக்கேற்பக் ‘கம்புங்’, ‘கம்பூங்’ என்று எழுதுவோரும் இன்றளவும் உண்டு. ‘மெடான்’ என்று குறுக்குவோரும், இரு சொற்களையும் சேர்த்தெழுதுவோரும், இடையே கோடிடுவோரும் உண்டு. பேச்சிலும் பல எழுத்துகளிலும் மலேசியத் தமிழர் அச்சொல்லைக் ‘கம்பம்’ என்றே தமிழாக்கிக்கொண்டனர். அது ‘கம்பத்தில்’, ‘கம்பத்து வீடு’ என்று அத்துச் சாரியை பெற்றுத் திரியும்போது மூலத்தின் எந்த வடிவத்தோடும் பொருந்தாது. கிள்ளான், கோலாலம்பூர் என நெடுங்காலமாகத் தமிழில் வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் ஒரே வடிவில் கிடைப்பதையும், பிற்காலத்தில் எழுத்துப்பெயர்ப்பாக வந்த பிரிக்ஃபீல்ட்ஸ் போன்றவை எழுதுவோர்க்கு எழுதுவோர் மாறுவதையும் ஒப்பிட்டால், மக்கள் வாயில் பழகித் தமிழ் வடிவம் பெற்ற பெயரே தேடலுக்கும் உறுதியான பெயர் என்று கொள்ளலாம். தேடும் வடிவத்தில் பகரத்துக்குப் பின் ஓகாரம், ஒகரம், ஊகாரம், உகரம் ஆகிய நான்கையும், மகரத்துக்குப் பின் ஏகாரம், எகரம் இரண்டையும் ஏற்கச் சொல்லி, சொற்களுக்கிடையே இடைவெளியோ கோடோ ஒன்றுமில்லாமலோ இருக்கலாம் என்று வகுத்தால், ‘பிரெக் கிரெப்’ ஒரே முறையில் இவ்வேறுபாடுகளையெல்லாம் திரட்டித் தரும். அவ்வடிவத்தை எழுத வேண்டியவர் நிரலாளர் மட்டுமல்லர். மலேசியத் தமிழ் எழுத்தின் பழக்கங்களை அறிந்தவர் அருகில் இல்லாமல் அது முழுமை பெறாது.

வரி என்னும் அலகே தடையாவதும் உண்டு. நாளிதழின் குறுகிய பத்தியில் ‘கம்போங்’ ஒரு வரியின் இறுதியிலும் ‘மேடான்’ அடுத்த வரியின் தொடக்கத்திலும் விழுவது அடிக்கடி நேரும். தமிழ் அச்சில் சொல்லையே கோடின்றி நடுவில் முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுசெல்வதும் வழக்கம். அச்சு வரியை அப்படியே கோப்பு வரியாக்கினால் அவ்விடங்கள் தேடலுக்கு என்றும் அகப்படா. செய்யுளிலும் அடி முடியுமிடத்தில் சொற்றொடர் முடிய வேண்டும் என்ற கட்டாயமில்லை; குறளின் நான்காம் சீரிலும் ஐந்தாம் சீரிலும் பரவி நிற்கும் தொடரை வரிவரியான தேடல் காணாது. அணியின் ஒவ்வோர் அறையோடும் அடுத்த அறையின் தொடக்கத்தை ஒட்டி வைத்துத் தேடுவது ஒரு வழி. பத்தி முழுவதையும் ஒரே வரியாகத் தட்டெழுதிவிட்டு, அச்சுப் பக்கத்தையும் பத்தியையும் வரியின் தலையில் குறித்துவைப்பது அதைவிடச் சிறந்த வழி. ஓராண்டு நாளிதழ் முழுவதையும் ஒரே கோப்பாக வைத்தால் ‘ஃபைல்’ செயற்கூறு நினைவகத்தை நிரப்பிவிடும் என்பதால், நாளுக்கொரு கோப்பு என்னும் ஒழுங்கும், பெரிய கோப்புகளை ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு விடுவிக்கும் முறையும் ஏற்றவை.

1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசனைப் போன்ற நாளிதழ்களின் ஏறத்தாழ நூறாண்டுப் பக்கங்களைத் தேடத்தக்க வரிகளாக்கும் பணிக்கு இந்த அனுபவங்கள் நேரடியாகப் பயன்படும். கணினியில் கோக்கப்பட்டு இன்றும் மின்வடிவில் எஞ்சியிருக்கும் பழைய கோப்புகளுக்கு முதலில் வேண்டியது குறியாக்க மாற்றம். அதற்கும் பிஎச்பியின் அணியே ஏற்ற கருவி. பழைய எண்தொடர்களை ஒருபுறமும் அவற்றுக்குரிய ஒருங்குறித் தொடர்களை மறுபுறமும் வைத்து ஓர் அணி அமைத்து ‘எஸ்டிஆர்டிஆர்’ என்னும் செயற்கூறிடம் கொடுத்தால், மிக நீண்ட தொடரை முதலில் பொருத்தி, ஒருமுறை மாற்றியதை மீண்டும் தொடாமல் அது மாற்றித் தரும். இந்த ஒழுங்கு தமிழுக்கு இன்றியமையாதது. இரட்டைக்கொம்பு, பகரம், கால் ஆகிய மூன்றையும் ஒருசேரக் கண்டு ‘போ’ என்று மாற்றும் நிரலே பெயரை 40 பைட்டு வடிவில் தரும். இரட்டைக்கொம்பையும் பகரத்தையும் முதலில் ‘பே’ என்று மாற்றிவிட்டுக் காலைத் தனியே ஒட்டும் நிரல், பார்வைக்குக் குறையற்றதும் தேடலுக்கு அகப்படாததுமான 43 பைட்டு வடிவத்தை விட்டுச் செல்லும். தாளில் மட்டுமே உள்ள பக்கங்களுக்கு எழுத்துணரி மென்பொருள்கள் துணைநிற்கும் என்றாலும், ரகரத்தையும் காலையும், ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் அவை மங்கிய அச்சில் மாற்றிப் படிக்கும் ஆதலால் மனிதக் கண்ணின் சரிபார்ப்பு தவிர்க்க முடியாதது.

இவற்றோடு, கிள்ளான் பள்ளத்தாக்கின் ஊர்ப்பெயர்கள், தோட்டப் பெயர்கள், தெருப்பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் தமிழில் வழங்கிய எல்லா வடிவங்களையும் ஒரே அணியில் சேர்த்த பெயரடைவு ஒன்று அமைய வேண்டும். அதில் ஒரு வரிக்கு ஓர் ஊர் என்ற கணக்கில், முதலில் நிலைத்த வடிவமும், அடுத்து மாற்று எழுத்துக்கூட்டுகளும், அதன்பின் கம்பம் போன்ற பேச்சு வழக்குகளும், குடியிருப்பு இடிக்கப்பட்டு அடுக்ககமாக மாறிய பின் பெற்ற புதுப்பெயரும் இடம்பெறலாம். தோட்டத்திலிருந்து நகருக்கு வந்த தலைமுறையினர் முதுமையடைந்துவிட்ட இக்காலத்தில், இன்ன பெயரால் அழைக்கப்பட்ட இடம் இன்றைய எந்த இடம் என்று அவர்கள் சொல்லக் கேட்டுப் பதிவதே அப்பணியில் முதலில் செய்யப்பட வேண்டியது; நிரலைப் பின்னர் எப்போது வேண்டுமாயினும் எழுதிக்கொள்ளலாம்.